பழைய பந்தய அவுட்போர்டின் கியர் கேசுக்கு எந்த ஆயில்?

பழைய பந்தய அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்) வைத்திருப்பவர்கள் கார்புரேட்டருக்கும் மேக்னெட்டோவுக்கும் தரும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட தண்ணீருக்குள் ஓடும் கியர் கேசுக்கு, அதாவது ப்ரொப்பெல்லரைச் சுற்றும் பல்சக்கரங்கள் இருக்கும் கூட்டுக்கு, தருவதில்லை. எஞ்சின் கெட்டால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். கியர் கேஸ் கெடும்போது வெளியே ஒன்றும் தெரியாது. தெரியவரும் நாளில் பினியனில் (சிறு பல்சக்கரத்தில்) பல் உதிர்ந்திருக்கும். மெர்க்குரி கேஜி வரிசை, மார்க் 20எச், ஜான்சன் பிஆர், ஜெர்மனியின் கோனிக் என்று எதை எடுத்தாலும் புதுப் பல்சக்கரம் கடையில் கிடைக்காது. வெளிநாட்டில் யாராவது பழைய சாமானைப் பிரித்து விற்றால்தான் உண்டு. அதற்கான சுங்கமும் கப்பல் கூலியும் சேர்ந்தால், வருடத்துக்கு இரண்டு முறை ஆயில் மாற்றும் செலவு கண்ணுக்கே தெரியாது.

"எந்தக் கம்பெனி ஆயில் நல்லது?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டியது. உங்கள் கேஸ் கிரீசுக்காகச் செய்ததா, ஆயிலுக்காகச் செய்ததா? உள்ளே வெண்கல புஷ் (ஷாஃப்ட் சுற்றும் வளையம்) இருக்கிறதா? சீல் தண்ணீரைத் தடுக்கிறதா? எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) ஓட்டப் போகிறீர்கள்? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் கம்பெனி பெயர் தானாக இரண்டாம்பட்சம் ஆகிவிடும்.

கிரீஸ் கேசா, ஆயில் கேசா

1920, 30களின் மோட்டார்கள் பலவற்றில் இன்றைய ரப்பர் உதட்டு சீல் கிடையாது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு நீளமான வெண்கல புஷ்ஷுக்குள் சுற்றும். அந்த இடைவெளியை அடைப்பதே உள்ளே இருக்கும் கிரீஸ்தான். கொஞ்சம் கொஞ்சமாக அது வெளியே கசியும், நீங்கள் மறுபடி நிரப்புவீர்கள். வடிவமைப்பே அப்படித்தான். இந்தக் கேசில் 90 நம்பர் ஆயிலை ஊற்றினால் ஒரே ஓட்டத்தில் பாதி கடலுக்குப் போய்விடும், போன இடத்தில் கடல் உள்ளே வந்துவிடும்.

ஆயில் கேசை அடையாளம் காண்பது எளிது. கீழே ஒரு பிளக், மேலே காற்றுக்கு ஒரு பிளக், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் அடியில் ரப்பர் சீல் உட்காரும் வட்டக் குழி. மெர்க்குரியின் குயிக்சில்வர் பந்தய லோயர் யூனிட் (கியர் கேஸ் உள்ள கீழ்ப்பகுதி) இந்த வகை. அதில் நியூட்ரலும் கிடையாது, ரிவர்சும் கிடையாது. கியர் விகிதம் 1:1. எஞ்சின் 6,000 சுற்றினால் ப்ரொப்பெல்லரும் 6,000 சுற்றும்.

கிரீஸ் கேசுக்கு வீல் பேரிங் கிரீசைத் திணிப்பது மும்பையிலும் தூத்துக்குடியிலும் ஒரே மாதிரி நடக்கும் தவறு. வீல் பேரிங் கிரீஸ் என்எல்ஜிஐ 2 என்ற கெட்டி. பல்சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் தன் அளவுக்கு ஒரு குகையைக் குடைந்துகொள்ளும். கிரீஸ் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பல் காய்ந்துபோய்ச் சுற்றும். பிளக்கைத் திறந்து பார்த்தால் கேஸ் நிறைய கிரீஸ் இருப்பதுபோலத்தான் தெரியும், ஏமாந்துபோவீர்கள். தேவைப்படுவது தானாக வழிந்து திரும்பும் இளகிய கிரீஸ், அதாவது என்எல்ஜிஐ 00 அல்லது 000. டப்பாவைச் சாய்த்தால் கெட்டித் தேன்போல நகர வேண்டும். லேபிளில் "இபி 00" என்று போட்டிருக்கும். அந்த இபிதான் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே அழுத்தம் தாங்கும் சேர்மானம். தண்ணீரில் கழுவிப்போகாத கால்சியம் சல்ஃபோனேட்டில் செய்த 00 கிடைத்தால் அதையே வாங்குங்கள், லித்தியம் அதற்கு அடுத்தபடி. பாலியூரியா கிரீசும் லித்தியம் கிரீசும் ஒன்றாகச் சேர்ந்தால் பல நேரம் இளகி ஓடிவிடும். அதனால் பழையதை முழுவதும் கழுவாமல் புதியதைச் சேர்க்காதீர்கள்.

புஷ்ஷை மாற்றும்போதே கடைசல்காரரிடம் சொல்லி ரப்பர் சீலுக்கு ஒரு குழி வெட்டிக்கொள்பவர்கள் உண்டு. சுவர்க் கனம் போதுமானால் நல்ல யோசனைதான். அப்படிச் செய்த கேசில் 140 நம்பர் ஆயில் ஊற்றி ஓட்டலாம்.

நம்பர் என்ன சொல்கிறது

கடையில் "90 ஆயில்", "140 ஆயில்" என்று கேட்கும் அந்த நம்பர், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதன் குறி. எஸ்ஏஇ 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டியை அளக்கும் அலகு) வரை. எஸ்ஏஇ 140 என்றால் 24 முதல் 32.5 வரை. நடுவில் 110 என்று ஒன்று உண்டு, இங்கே அதைக் காண்பது அரிது.

கியர் ஆயில் நம்பரும் எஞ்சின் ஆயில் நம்பரும் ஒரே அளவுகோல் அல்ல. எஞ்சின் ஆயில் 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. ஆக 90 கியர் ஆயிலும் 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயிலும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே கெட்டி. நம்பரைப் பார்த்து "90 ரொம்பக் கெட்டி, பந்தயத்துக்கு ஆகாது" என்று எஞ்சின் ஆயிலுக்குப் போகிறவர்கள் கெட்டியில் எதையும் மிச்சம் பிடிப்பதில்லை, இபி சேர்மானத்தை மட்டும் இழக்கிறார்கள்.

80டபிள்யூ-90 என்பதில் முன்னால் உள்ள எண் குளிருக்கானது. 80டபிள்யூ மைனஸ் 26 டிகிரியிலும், 85டபிள்யூ மைனஸ் 12 டிகிரியிலும் அளக்கப்படுகிறது. மும்பையில் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. அமெரிக்கக் கையேடுகளில் குளிர்காலத்துக்கு இளகிய ஆயில் போடச் சொல்லும் பக்கங்களைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். டபிள்யூ இல்லாத வெறும் 90 கிடைத்தாலும் பயம் இல்லை.

வேகம் இங்கேதான் கணக்குக்கு வருகிறது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு பல்சக்கரம் 6,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் பல்லின் முனை நொடிக்கு 12.5 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஆயில் சுவருக்கு வீசப்படும், வழிந்து திரும்பி வந்தால்தான் அடுத்த சுற்றுக்குப் பல் நனையும். 140 மெதுவாகத் திரும்பும். அதைக் கலக்குவதற்கே குதிரைசக்தி செலவாகும், கேசும் சூடேறும். ஆகவே உறுதியான பேரிங்கும் நல்ல சீலும் உள்ள 1:1 பந்தயக் கேசுக்கு 80டபிள்யூ-90தான் சரி. புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடுகிற கேசில், பாகம் கிடைக்கும் வரை தள்ளிப்போட 85டபிள்யூ-140 உதவும். அதோடு முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். கியர் சத்தத்தைக் குறைக்க மட்டும் 140க்குத் தாவினால் சத்தம் அமுங்கும், ஷிம் (பல்சக்கர இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) சரியில்லாததால் வந்த தேய்மானம் அப்படியே தொடரும்.

இதற்கு எதிர்ப்புறமாக, ஆர்பிஎம் கூடுமென்று சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றுகிற பழக்கமும் உண்டு. ஏடிஎஃப் 100 டிகிரியில் 7 சென்டிஸ்டோக்ஸ் அளவில்தான் இருக்கும். கிடைக்கும் சில பத்து ஆர்பிஎம்முக்காகக் கிடைக்காத பல்சக்கரத்தைப் பணயம் வைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. கேசைப் பாதி மட்டும் நிரப்பி ஓட்டுவதும் இதே ரகம்தான்.

ஜிஎல்-4, ஜிஎல்-5, வெண்கலம்

ஜிஎல் என்பது ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு கியர் ஆயிலுக்கு வகுத்த தர எண். லாரி பட்டறையில் கிரவுன் ஆயில் என்று சொல்வது பெரும்பாலும் ஜிஎல்-5. அது ஹைப்பாய்டு கியருக்காக வந்தது. ஹைப்பாய்டில் இரண்டு ஷாஃப்டின் அச்சும் ஒன்றையொன்று வெட்டாது, பினியன் கொஞ்சம் தள்ளி உட்காரும். அதனால் பல் உருளுவதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். அந்த வழுக்கலைத் தாங்க நிறைய கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் வேண்டும். அவுட்போர்டில் செங்குத்து ஷாஃப்டும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே புள்ளியில் சந்திக்கும் பெவல் கியர். வழுக்கல் குறைவு. ஜிஎல்-5இல் உள்ளதில் ஏறத்தாழ பாதி இபி சேர்மானம் கொண்ட ஜிஎல்-4 இதற்குப் போதும்.

ஜிஎல்-5ஐ ஏன் தவிர்க்க வேண்டும் என்றால், செயலூக்கமுள்ள கந்தகம் சூட்டில் செம்பு சேர்ந்த உலோகத்தைத் தின்னும். தண்ணீரில் மூழ்கி ஓடும் கேஸ் அவ்வளவு சூடாகாது என்பது உண்மை. ஆனால் பந்தயப் படகில் மோட்டாரை உயர்த்தி வைத்து, ப்ரொப்பெல்லர் பாதி காற்றிலும் பாதி தண்ணீரிலும் இருக்கும்படி ஓட்டுவார்கள். குளிர்ச்சி குறையும். அதோடு கடல்நீரும் உள்ளே புகுந்தால் அமிலமும் சேரும். வெண்கல புஷ் உள்ள கேசில் ஜிஎல்-5 போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எல்லாமே பால் பேரிங்கும் நீடில் பேரிங்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஜிஎல்-5ஆல் கெடுதல் இல்லை.

சில புதிய ஜிஎல்-5 ஆயில்கள் செம்பைத் தொடாத கந்தகத்தில் செய்யப்பட்டவை. தயாரிப்பாளரின் விவரத் தாளில் ஏஎஸ்டிஎம் டி130 என்ற வரியைப் பாருங்கள். மெருகேற்றிய செம்புத் தகட்டை ஆயிலில் 121 டிகிரியில் 3 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை அது. 1ஏ, 1பி என்றால் தகடு கிட்டத்தட்ட நிறம் மாறவில்லை என்று பொருள். 3 என்றால் நன்றாகக் கறுத்திருக்கிறது, 4 என்றால் அரித்தே விட்டது. தாள் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஒரு துண்டு தடித்த செம்புக் கம்பியை நைசான உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, கண்ணாடிக் குப்பியில் ஆயிலுக்குள் பாதி மூழ்க வைத்து, கொதிக்கும் தண்ணீரில் 4 மணி நேரம் நிறுத்துங்கள். மூடியை இறுக்காதீர்கள். மூழ்கிய பாதி லேசாகச் செம்மஞ்சளானால் சரி. நீலமோ கறுப்போ ஏறினால் அந்த ஆயிலை லாரிக்கே விட்டுவிடுங்கள்.

பழைய கையேட்டில் "இபி 90" என்றோ "ஹைப்பாய்டு 90" என்றோ போட்டிருந்தால் இன்றைய ஜிஎல்-5ஐத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்து இபி ஆயில்களில் ஈயச் சோப்பு போன்ற சேர்மானங்கள் இருந்தன, இப்போது அவை கிடையாது. இன்றைக்கு அதற்கு நெருங்கியது ஜிஎல்-4.

ஒரு விதிவிலக்கு. 1960களில் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் வந்த மின்கியர் வகை (மின்சாரத்தால் கியர் மாறும்) லோயர் யூனிட்டுக்கு, அவற்றின் தயாரிப்பாளரான ஓஎம்சி "டைப் சி" என்று தனி ஆயில் வைத்திருந்தது. சாதாரண 90 போட்டால் அதன் கிளட்ச் சுருள் சரியாகப் பிடிக்காது. பந்தய மோட்டாரில் அது வராது, ஆனால் மும்பையில் பழைய சாமான் விற்கும் தாருகானாவில் கிடைத்த ஏதோ ஒரு லோயர் யூனிட்டைப் பந்தய எஞ்சினோடு மாட்டியிருந்தால் உள்ளே மின்கம்பி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வண்டி ஆயிலா, மரைன் ஆயிலா

வண்டிக்கான கியர் ஆயில் தண்ணீரோடு சேராது. புகுந்த தண்ணீர் கனமானதால் கேசின் அடியில் தங்கும். மோட்டாரை நிறுத்தி வைத்த வாரங்களில் அந்த உப்புத்தண்ணீர் கீழ்ப் பேரிங்கின் உருளைகளுக்கு இடையே உட்கார்ந்து குழி விழவைக்கும். மரைன் கியர் ஆயிலில் தண்ணீரைச் சிறு துளிகளாகத் தன்னோடு கலந்துகொள்ளும் சேர்மானமும் கூடுதல் துருத்தடுப்பும் இருக்கும். பால்போல வெளுத்தாலும் உலோகத்தின் மேல் ஒரு படலம் நிற்கும்.

சீல் நூறு சதவீதம் நம்பிக்கையானது என்றால் வண்டி ஜிஎல்-4 போதும், அதில் ஒரு நன்மைகூட உண்டு: பிளக்கைத் தளர்த்தினால் முதலில் தண்ணீர்த் துளி வெளியே வந்து ஒழுகலைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பழைய மோட்டாரில் சீலை அவ்வளவு நம்ப முடியாது. அரபிக்கடலில் ஓட்டும் மோட்டாருக்கு மரைன் 80டபிள்யூ-90 என்பதே எங்கள் சிபாரிசு. யமஹா, குயிக்சில்வர் போன்ற அவுட்போர்டு கம்பெனிகளே விற்கும் ஆயில் மீன்பிடிப் படகுகளுக்கு ஓபிஎம் (அவுட்போர்டு மோட்டார்) உதிரிபாகம் விற்கும் கடைகளில் கிடைக்கும். மும்பையில் சாசூன் டாக், வெர்சோவா பக்கம் கேட்டுப் பாருங்கள். வெண்கல புஷ் இருந்தால் மரைன் ஆயிலிலும் ஜிஎல் நம்பரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சில ஜிஎல்-5 தரத்தவை. அப்படியானால் மேலே சொன்ன செம்புக் கம்பிச் சோதனையைச் செய்யுங்கள்.

பீப்பாயில் இருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் வேண்டாம். அதில் என்ன சேர்மானம், எத்தனை முறை வடிகட்டியது என்று விற்பவருக்கே தெரியாது. சீல் உடையாத பாட்டிலில் ஏபிஐ தரம், எஸ்ஏஇ நம்பர், தயாரித்த தேதி மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது சில நூறு மில்லி மட்டுமே. விலையில் கஞ்சத்தனம் பார்க்கும் இடம் இது இல்லை.

மெத்தனாலில் ஓடும் மோட்டாருக்கு எரிபொருளோடு விளக்கெண்ணெய் கலப்பது பந்தயத்தில் பழைய வழக்கம். அதே எண்ணெயைக் கியர் கேசிலும் ஊற்றிய மோட்டார்கள் வரும். உள்ளே பழுப்பாகப் பிசின் பிடித்திருந்தால் அதுதான். தாது எண்ணெயோடு அது சரியாகக் கலக்காது, ஈரத்தையும் இழுக்கும். டீசலுக்கு அந்தப் பிசின் அசையாது. கேசைப் பிரித்து ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சீல் சரியில்லாவிட்டால் எந்த ஆயிலும் சரியில்லை

ஆயில் தேர்வில் செலவழிக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கை இதில் செலவழியுங்கள். தவறான நம்பர் ஆயில் பல்லை மெதுவாகத் தேய்க்கும். தண்ணீர் புகுந்த சரியான ஆயில் ஒரு மழைக்காலத்தில் பேரிங்கை முடித்துவிடும்.

தண்ணீர் ஓடும்போது புகுவதைவிட நின்றபிறகு புகுவதே அதிகம். முழு வேகத்தில் ஓடிய கேஸ் 80 டிகிரி வரை சூடாகியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். படகு நின்று மோட்டார் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே மேலே நிற்கும் காற்று 30 டிகிரிக்குக் குளிரும். காற்று சுருங்குவதால் உள்ளே சுமார் 14 சதவீத வெற்றிடம் உண்டாகும், பாதரச அளவில் 107 மில்லிமீட்டர். அரை மீட்டர் ஆழத்துத் தண்ணீரின் அழுத்தம் இன்னொரு 37. இரண்டும் சேர்ந்து சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே தள்ளுகின்றன.

சீல் வாங்க மும்பையின் நாக்தேவி ஸ்ட்ரீட் போதும். பழைய சீலையே கையில் எடுத்துப் போங்கள். அமெரிக்க மோட்டாரில் எல்லாம் இஞ்ச் அளவு. முக்கால் இஞ்ச் ஷாஃப்ட் 19.05 மில்லிமீட்டர், அதற்கு 19 சீல் பொருந்தும், 20 பொருந்தாது. வெளி விட்டத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தளர்வாக உட்காரும் சீலைப் பசை வைத்துப் பிடித்து வைக்க முடியாது. நைட்ரைல் ரப்பர் போதும். கேட்டு வாங்க வேண்டியது உதட்டைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பதைத்தான். சாதா ஸ்பிரிங் உப்புத்தண்ணீரில் ஒரே சீசனில் துருப்பிடித்து அறுந்துவிடும், அறுந்த துண்டு உள்ளேயே போகும்.

சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம், எதைத் தடுக்க வேண்டுமோ அதைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு சீல் உள்ள இடத்தில் உள்பக்கச் சீல் ஆயிலைப் பார்க்கும், வெளிப்பக்கச் சீல் தண்ணீரைப் பார்க்கும், நடுவில் தண்ணீர் எடுக்காத கிரீஸ். பழையதைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டில் பழைய உதடு தேய்த்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால், புதுச் சீலை 1 அல்லது 2 மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து உதட்டுக்குப் புது இடம் கொடுங்கள். தள்ள இடமில்லாவிட்டால் மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும். செங்குத்து ஷாஃப்டின் மேல் சீலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆயில் ஊற்றும் முன் காற்றுச் சோதனை. சைக்கிள் பம்ப் வேண்டாம், ஒரே அழுத்தில் எல்லை தாண்டிவிடும். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பல்பும் முள் மீட்டரும் இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். உபரி பிளக் ஒன்றில் துளையிட்டுக் குழாய் மாட்டி, மேல் துளையில் திருகுங்கள். அந்த மரையும் பெரும்பாலும் இஞ்ச் மரைதான். மெட்ரிக் போல்ட்டை வைத்து முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். முள் 150 மில்லிமீட்டர் காட்டும் வரை ஏற்றி, ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி 10 நிமிடம் பாருங்கள். மேலே போட்ட கணக்கில் 107ம் 37ம் சேர்ந்து 144 வருவதால்தான் 150. முள் இறங்கினால் வாளித் தண்ணீரில் மூழ்க வைத்துக் குமிழி எங்கே என்று கண்டுபிடியுங்கள். உள்ளிருந்து தள்ளும் காற்றுக்கு நிற்கும் சீல் உறிஞ்சலுக்கு நிற்காமல் போவதும் உண்டு. அதே குழாயில் பெரிய சிரிஞ்சை மாட்டி இழுத்துப் பிடித்து, ஒரு நிமிடம் கழித்து விடுங்கள். பிஸ்டன் துள்ளித் திரும்பினால் உறிஞ்சலுக்கும் சீல் நிற்கிறது. சீலே இல்லாத கிரீஸ் கேசுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அது குமிழி விடத்தான் செய்யும்.

கழுவுதல், நிரப்புதல்

பழைய ஆயிலை வடிக்க மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி, கீழ்ப் பிளக்கை எடுத்த பிறகு மேல் பிளக்கை எடுங்கள். ஓட்டி நிறுத்திய உடனே வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் ப்ரொப்பெல்லரில் கை வைக்க வேண்டும், நியூட்ரல் இல்லாத யூனிட் இது. கேஸ் கொள்ளளவில் பாதிக்கு டீசல் ஊற்றி, ப்ளைவீலை இருபது முப்பது சுற்று கையால் சுற்றி வடியுங்கள். டீசல் தெளிவாக வரும் வரை இதையே செய்யுங்கள். பெட்ரோல் வேண்டாம். தண்ணீரில் கரையும் டீகிரீசரும் வேண்டாம், அது பேரிங் கூண்டுக்குள் ஈரத்தை விட்டுவிடும். கடைசியாக, ஊற்றப் போகும் ஆயிலிலேயே கொஞ்சம் விட்டுச் சுற்றி வடித்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் டீசல் புது ஆயிலை இளக்காமல் இருக்கும்.

நிரப்புவது எப்போதும் கீழ்த் துளை வழியாக. மேலிருந்து ஊற்றினால் காற்றுக் குமிழி நடுவில் சிக்கி, நிறைந்தது போலக் காட்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சில் சிறு குழாய் மாட்டிக்கொள்ளுங்கள். ஆயில் பாட்டிலை வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தால் இழுக்கச் சிரமம் இருக்காது. மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும்போது முதலில் மேல் பிளக்கைப் பூட்டுங்கள். பிறகு கீழே குழாயை எடுத்துச் சட்டென்று கீழ்ப் பிளக்கைப் போடுங்கள். மேலே அடைத்திருப்பதால் கீழே சில சொட்டுதான் போகும். பத்து நிமிடம் கழித்து மேல் பிளக்கைத் திறந்து அளவு இறங்கியிருந்தால் சேருங்கள். எத்தனை மில்லி பிடித்தது என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை வடியும் அளவு அதைவிடக் குறைந்தால் ஆயில் எங்கோ வெளியேறுகிறது, கூடினால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

ஒரே துளை உள்ள கேஸ்களும் உண்டு. துளை மேலே வரும்படி கேசைப் படுக்க வைத்து, ப்ரொப்பெல்லரை அவ்வப்போது சுற்றிக் காற்றை வெளியேற்றி, விளிம்பு வரை நிரப்புங்கள். பிறகு 100 மில்லிக்கு 5 மில்லி வீதம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். 28 டிகிரியில் ஊற்றிய ஆயில் 80 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 3.5 சதவீதம் விரியும். அதற்கு இடம் இல்லையென்றால் சீலைத்தான் தள்ளும்.

பிளக் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். டெஃப்லான் டேப் சுற்றுவது வேண்டாம், கிழிந்த நூல் உள்ளே போய்ப் பேரிங்கில் சிக்கும்.

வடித்த ஆயில் என்ன சொல்கிறது

முதல் ஓட்டம் பத்து நிமிடம், பாதி வேகத்தில். கரைக்கு வந்து மோட்டாரை ஒரு மணி நேரம் செங்குத்தாக வைத்து, கீழ்ப் பிளக்கைத் தளர்த்தி ஒரு தேக்கரண்டி அளவு வடித்துப் பாருங்கள். பந்தயம் ஓடும் நாட்களில் ஒவ்வொரு நாள் முடிவிலும் இதைச் செய்ய வேண்டும்.

டீயில் பால் விட்ட நிறம் என்றால் தண்ணீர். சந்தேகமாக இருந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. சூடான ஆயில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நுரை மட்டும் இருந்து ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் அது காற்று, அளவு குறைவாக ஊற்றியிருப்பீர்கள்.

காந்தத்தில் ஒட்டும் சாம்பல் நிறக் குழம்பு வழக்கமான தேய்மானம், பயப்படத் தேவையில்லை. விரலில் உறுத்தும் செதில் வந்தால் பல்லின் மேல்தோல் உரிகிறது. அந்த மோட்டாரை அன்றோடு நிறுத்திப் பிரியுங்கள். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறப் பொடி வெண்கல புஷ். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் புதுப் புஷ் உட்காருகிறது, தொடர்ந்து வந்தால் ஆயில் கெட்டி போதவில்லை அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. கருகிய வாடையோடு கறுத்திருந்தால் கேஸ் அதிகம் சூடேறுகிறது. மோட்டாரின் உயரத்தை ஒரு படி இறக்கிப் பார்த்த பிறகு ஆயிலை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஜூன் மழைக்கு முன் மோட்டாரை எடுத்து வைக்கும்போது புது ஆயில் ஊற்றித்தான் வைக்க வேண்டும். "சீசன் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம்" என்று பழையதோடு விட்டால் நான்கு மாத ஈரமும் உப்பும் பேரிங்கோடு உள்ளே குடியிருக்கும். ப்ரொப்பெல்லரை மாதம் ஒரு முறை சில சுற்று சுற்றிவிடுங்கள். கிரீஸ் கேசில் பிளக்கைத் திறந்து 00 கிரீசைப் புதிதாக அழுத்தி, புஷ்ஷின் ஓரம் வழியாகப் பழையது வெளியே வரும் வரை தள்ளுங்கள். வடித்த ஆயிலைத் தனி டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்க அனுமதி பெற்றவரிடமோ, அவர்களுக்குக் கொடுக்கும் பட்டறையிலோ ஒப்படையுங்கள். டீசல் கலந்ததைத் தனி டப்பாவில் வையுங்கள், அதைச் சேர்த்து எடுக்க மாட்டார்கள்.